கேம் கம்பனியே களம் நடத்த வேண்டுமா? கடைக்கு வந்தவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

திருகோணமலை டவுனில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, சின்னதாக ஒரு போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஸ்கிரீன் மாற்ற வருகிற இளம் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒன்லைன் கேம் விளையாடுகிறவர்கள். ஐடி போய்விட்டது, கட்டிய காசுக்கு டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) வரவில்லை, காரணம் சொல்லாமல் தடை செய்துவிட்டார்கள் என்று போனை நீட்டுவார்கள். நான் அவர்களுக்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அப்போதெல்லாம் "கேம் விற்கிறவன் விளையாடுகிறவனோடு கதைக்கத் தன் பெயரில் ஓர் இடம், அதாவது ஒஃபிஷியல் ஃபோரம், வைத்திருக்க வேண்டும்" என்று சொல்வது என் வழக்கம். உடனே சந்தேகங்கள் தொடங்கும். உவர்மலையில் இருந்து வந்தாலும் கிண்ணியாவில் இருந்து வந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, ஒஃபிஷியல் ஃபோரம் எண்டால் என்ன? டிஸ்கோர்ட் மாதிரியா?

கேமை உருவாக்கிய கம்பனி தன் சொந்தத் தளத்தில் நடத்தும் கலந்துரையாடல் களம். கேம் கணக்கைக் கொண்டே உள்ளே போகலாம். கம்பனி ஆள் எழுதினால் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் இருக்கும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித் தலைப்பு, அதன் கீழே பதில்கள்.

டிஸ்கோர்ட் ஒரு அரட்டைச் செயலி; அதில் பேச்சு ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒருவர் கேட்டதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கும்; மாலையில் அது ஆயிரம் வரிகளுக்கு மேலே போயிருக்கும். கூகுளில் தேடினாலும் வராது. களத்தில் எழுதியது ஐந்து வருடம் கழித்தும் அதே தலைப்பின் கீழே கிடக்கும்.

டிஸ்கோர்ட், ரெடிட், பேஸ்புக் குரூப் எல்லாம் இருக்குத்தானே. இன்னொண்டு என்னத்துக்கு?

அந்த இடங்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை வேறொருவரின் வீடு. 2023 ஜூன் 12ஆம் தேதி, ரெடிட் என்ற கலந்துரையாடல் தளத்தில் ஆயிரக்கணக்கான குழுக்கள் ஒரே நேரத்தில் கதவை மூடின. மூன்றாம் தரப்புச் செயலிகளிடம் ரெடிட் கட்டணம் கேட்டதற்கு எதிரான போராட்டம் அது. போராட்டம் நியாயமோ இல்லையோ, அன்றைக்குத் தன் கேமில் ஒரு பிழைக்குத் தீர்வு தேடியவருக்குப் பழைய பதில்கள் எல்லாம் பூட்டிய அறைக்குள் இருந்தன. கேம் கம்பனிக்கும் ரெடிட்டுக்கும் நடுவில் எந்தச் சண்டையும் இல்லை. ஆனாலும் பாதிக்கப்பட்டது விளையாடுகிறவர்.

இன்னொன்றும் உண்டு. நம் திருமலைப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு புதுப்பதிப்பு வந்த இரவு, பலருக்குக் கேம் திறக்கவே இல்லை. விடிய எழும்பிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான செய்திகள். அதற்குள் நிலாவெளிப் பிள்ளை ஒருவர் சரியான வழியை எழுதியிருந்தார்: கேஷை (கேம் போனில் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழி, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றித் திற, பிறகு திரும்ப மாற்று. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் எடுத்தது. அதற்குள்ளேயே நாலு பேர் கேமை அழித்து மறுபடி இறக்கி, மாத டேட்டாவில் பெரும்பங்கைத் தொலைத்திருந்தார்கள். இந்த ஒரு வரியைக் கம்பனி தன் களத்தின் உச்சியில் ஒட்டியிருந்தால் போதும்.

சப்போர்ட்டுக்கு ரிக்கெட் போடலாம்தானே அண்ணா?

போடத்தான் வேண்டும். கணக்கு இலக்கம், காசு கட்டிய ரசீது இவற்றைப் பொது இடத்தில் போட முடியாது. ஆனால் ரிக்கெட் என்பது கம்பனிக்கு அனுப்பும் முறைப்பாடு, இருவருக்கு மட்டும் தெரிந்த கடிதம். உனக்கு நடந்தது இன்னும் ஐந்நூறு பேருக்கு நடந்ததா என்று உனக்குத் தெரியாது, அந்த ஐந்நூறு பேருக்கும் தெரியாது. தனித்தனியாக எல்லோருக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும்.

சாம்பல்தீவில் இருந்து ஒரு தம்பி வந்தான். மூலையில் வெடித்த போன், அதில் ரிக்கெட் பக்கம். பதினொரு முறை எழுதியிருந்தான். பதினொரு முறையும் ஒரே பதில், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மேசன் வேலைக்குப் போகும் அண்ணன் தந்த காசில் வாங்கிய பொருள் கணக்கில் ஏறவில்லை. அவனுக்குக் காசைவிட, தான் பொய் சொல்கிறான் என்று அண்ணன் நினைத்துவிட்டாரே என்பதுதான் வலி. மூன்று வாரம் கழித்து வெளிநாட்டு விளையாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவில், அந்த நாளில் காசு கட்டிய பலருக்கும் அப்படித்தான் நடந்தது என்று தெரிந்தது. கம்பனி தன் களத்தில் "இந்தத் தேதியில் பணம் ஏறுவதில் பிழை, சரிசெய்கிறோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரியை அண்ணனுக்குக் காட்டியிருப்பான். அந்த வீட்டில் அந்த மூன்று வாரமும் நடந்திருக்காது. நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இவனைத்தான் காட்டுவேன்.

அங்க கத்தினாப்போல கம்பனி கேக்குமா?

கேட்ட இடங்கள் உண்டு. ஐஸ்லாந்தில் இருக்கும் சிசிபி கம்பனியின் ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளிக் கேமை எடுத்துக்கொள். 2008இலிருந்து அங்கே விளையாடுகிறவர்கள் வாக்குப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிவு செய்கிறார்கள். அந்தப் பிரதிநிதிகள் ரெய்க்யவிக் நகருக்கே போய்க் கம்பனியோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். 2011இல் கேமுக்குள் அலங்காரக் கடை திறந்து, பாத்திரத்தின் ஒரு கண்ணில் மாட்டும் கண்ணாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 60 டொலர் விலை வைத்தபோது பெரிய கலகம். விளையாடுகிறவர்கள் கேமுக்குள் ஒரு நினைவுச்சின்னத்தைச் சுற்றி நின்று சுட்டார்கள். கம்பனி பிரதிநிதிகளை அவசரமாக அழைத்தது. பிறகு தலைமை அதிகாரியே மன்னிப்புக் கேட்டார். தெரிவு செய்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தபடியால்தான் யாரை அழைப்பது என்று கம்பனிக்குத் தெரிந்தது.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேம் இன்னொரு வகை. அதில் புதிதாகச் சேர்ப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாக்கெடுப்பு. 75 வீதம் பேர் சரி என்றால்தான் சேர்க்கும் என்று நீண்ட காலம் விதி இருந்தது. பின்னர் அது 70 வீதம் ஆனது. எல்லாக் கம்பனியும் இப்படிச் செய்யாது. ஆனால் செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஹெல்டைவர்ஸ் பிரச்சினையில ஸ்டீம்ல (கணினிக் கேம் விற்கும் இணையக் கடை) மோசமான ரிவியூ போட்டுத்தானே வென்றவை? ஃபோரம் ஒண்டும் தேவைப்படேல்லயே?

நல்ல கேள்வி, அதுவும் நமக்கு நேரடியாகப் பட்ட விசயம். 2024 மே மாதம், கணினியில் ஹெல்டைவர்ஸ் 2 விளையாடுகிற எல்லோரும் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கை இணைக்க வேண்டும் என்று கேமை வெளியிட்ட சோனி அறிவித்தது. இலங்கையை முகவரியாகப் போட்டு அந்தக் கணக்கைத் திறக்கவே வழியில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை நாளைக்கு விளையாட முடியாமல் போகலாம் என்ற நிலை. சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, சோனி பின்வாங்கியது.

வென்றது உண்மைதான். ஆனால் எப்படி வென்றது என்று பார். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் கோபப்பட்டதால் வென்றது. இலங்கையில் விளையாடுகிற சில நூறு பேருக்கு மட்டும் அந்தப் பிரச்சினை வந்திருந்தால்? எந்த விமர்சனப் பக்கமும் அசைந்திருக்காது. சின்னக் கூட்டத்தின் குறை பதிவாகி, அதற்குக் கீழே கம்பனி ஆள் பதில் எழுதும் இடம் நமக்குத்தான் கூடுதலாகத் தேவை.

அவ்வளவு நல்லதெண்டால் பெரிய கம்பனிகள் ஏன் மூடினது?

மூடியிருக்கிறார்கள். பயோவேர் என்ற கேம் கம்பனி 2016இல் தன் களத்தை மூடியது. ரயட் கம்பனி லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் கேமின் களத்தை 2020 மார்ச்சில் மூடியது. ஆட்கள் ரெடிட்டுக்கும் டிஸ்கோர்டுக்கும் போய்விட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். பொய்யில்லை, போய்த்தான் இருந்தார்கள்.

ஏன் போனார்கள் என்று கேட்டால்தான் விசயம் வெளிக்கும். கம்பனி ஆட்கள் அங்கே எழுதுவதைக் குறைத்தால் விளையாடுகிறவர்களும் குறைவார்கள். கடையில் ஆள் நிற்காவிட்டால் யார் வருவார்? வராததைக் காட்டிக் கடையை மூடுவது எளிது. பயோவேர் மூடியபின், அங்கே இருந்தவர்கள் வேறிடத்தில் தாங்களே ஒரு களம் தொடங்கிப் பேச்சைத் தொடர்ந்தார்கள். அப்படியென்றால் பேசும் ஆசை செத்துப் போகவில்லை. செலவும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. இரவு பகலாகப் பார்க்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். ஆனால் கேமுக்குள் கடை நடத்த ஆள் வைக்கிறவர்களுக்கு இது எட்டாத செலவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கம்பனியின்ர இடத்தில கம்பனியைக் குறை சொன்னால் அழிச்சுப் போடாதா?

அழிக்கும் கம்பனிகளும் உண்டு. இந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்: கம்பனியின் களமும், கம்பனி கை வைக்க முடியாத வெளியிடமும். 2017 நவம்பரில் ஸ்டார் வோர்ஸ் பட்டில்ஃபிரண்ட் 2 கேமில் முக்கியமான பாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்காக உழைக்க வேண்டும் என்ற குறைக்கு ஈஏ கம்பனி ரெடிட்டில் ஒரு பதில் எழுதியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்குக் கீழ்நோக்கி வாக்குப் போட்டார்கள். கம்பனியின் சொந்தப் பக்கமாக இருந்தால் அந்த எண்ணிக்கை அப்படியே நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே நல்ல களத்துக்கு என் அளவுகோல் இதுதான். விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு பதிவை நீக்கினால், நீக்கிய இடத்தில் எந்த விதிப்படி என்று ஒரு குறிப்பு நிற்க வேண்டும். கேமைத் திட்டியதற்காகக் களத்தில் தடை போடலாம், ஆனால் அதற்காகக் கேம் கணக்கில் கை வைக்கவே கூடாது. காசு கட்டி வாங்கியது அங்கே இருக்கிறது.

கெட்ட வார்த்தை, சண்டை எல்லாம் வரும். சின்னப் பிள்ளையளும் பாக்கும். ஆர் பொறுப்பு தம்பி? (ஒரு தாய் கேட்டது)

பொறுப்பு கம்பனிக்குத்தான் அம்மா, இடம் அவர்களுடையது என்பதால். இந்தப் பொறுப்புக்குப் பயந்துதான் பலர் தள்ளி நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். டிஸ்கோர்டில் நடந்தால் டிஸ்கோர்டைக் காட்டலாம். தன் வீட்டில் நடந்தால் காட்ட ஆளில்லை.

பல இடங்களில் இந்த வேலையைச் சம்பளமில்லாத தொண்டர்கள் செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரு சிறுமிக்கு யாரோ ஒருவன் தனிச்செய்தியில் தொல்லை கொடுக்கும்போது, அதைக் கையாளப் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற ஆள் இருக்க வேண்டும். இன்னொன்று, தமிழ்த் தூஷணத்தை ஆங்கில எழுத்தில் எழுதினால் நான் பார்த்த வடிகட்டிகள் எதுவும் பிடிப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லுக்கு நட்சத்திரம் போடும் கேமில், நம் மொழியில் தாயை இழுத்துத் திட்டியது அப்படியே நிற்கும். தமிழ் தெரிந்த ஒருவரைப் பகுதிநேரமாக வைத்தாலே இது தீரும்.

எல்லாரும் உண்மைப் பேரைப் போட வேணும் எண்டு விதி வைச்சால் சண்டை குறையும்தானே?

முயன்று பார்த்த கம்பனி இருக்கிறது. 2010 ஜூலை 6ஆம் தேதி, வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கேமின் பிளிஸார்ட் கம்பனி, இனிக் களத்தில் உண்மைப் பெயர்தான் தெரியும் என்று அறிவித்தது. பயமில்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தன் பெயரை எழுதினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய சொந்த விபரங்களைத் தேடி எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். எதிர்ப்பு அலையடித்து, மூன்றாம் நாளே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

திருமலை மாதிரி ஊரில் இதை யோசித்துப் பார். இங்கே பெயரைச் சொன்னாலே எந்தத் தெரு, எந்தச் சமயம், யாருடைய பிள்ளை என்று பாதி தெரிந்துவிடும். என் கடைக்கு வரும் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஆண்பெயரில்தான் விளையாடுகிறார்கள், தொல்லை இல்லாமல் விளையாட அதுதான் வழி என்று. அவர்களைக் கட்டாயப்படுத்திப் பெயர் சொல்ல வைத்தால் அவர்கள் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். ஒரு கேம் கணக்குக்கு ஒரு களப் பெயர், அதை அடிக்கடி மாற்ற முடியாது. அந்த அளவு போதும்.

தமிழில எழுத ஏலுமா?

இன்றைக்கு நான் பார்த்த களங்களில் தமிழுக்குத் தனிப்பகுதி இல்லை. ஃபைனல் ஃபெண்டசி 14 களத்தில் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அது மாதிரி நமக்கும் கேட்கலாம். இங்கே மட்டும் இல்லை, தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூர் பிள்ளைகளும் சேர்ந்தால் சின்னக் கூட்டம் இல்லை.

அது வரும்வரைக்கும் ஆங்கிலக் களமே நமக்குக் குழு அரட்டையைவிட உதவி. எழுதிவைத்த பதிலை ஆறுதலாக, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசிக்கலாம். ஓடுகிற அரட்டையில் ஆங்கிலம் வேகமாக வராதவன் வாய் திறப்பதற்குள் பேச்சு முடிந்திருக்கும்.

இன்னொரு இடத்தில கணக்குத் திறந்தால் பாஸ்வேர்ட் களவு போகாதா?

போன வரலாறு உண்டு. 2016இல் எபிக் கேம்ஸின் களங்களை உடைத்து 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விபரங்களை எடுத்தார்கள். அதே வருடம் சூப்பர்செல் களத்திலும் நடந்தது. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் இப்படி ஆகும். களத்துக்கு வேறு பாஸ்வேர்ட், கேமுக்கு வேறு, மெயிலுக்கு வேறு. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வை. ஐடி போய்விட்டது என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்தவர்கள்.

சட்டப் பிரச்சினை வரும் எண்டுதான் கம்பனிகள் பயப்படுகுதாம். உண்மையா?

ஓரளவு. அமெரிக்கக் கம்பனிகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு பெரிய பாதுகாப்பு: பயனர் எழுதியதற்குத் தளம் நடத்துகிறவரை வெளியீட்டாளராகக் கொள்ளமாட்டார்கள். இங்கே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின் என்ன எழுதலாம் என்பதில் எல்லோருக்கும் தயக்கம் இருக்கிறது. ஆனால் பதிவு பேஸ்புக்கில் இருந்தாலும் களத்தில் இருந்தாலும் எழுதியவனுக்கு அந்தத் தயக்கம் ஒன்றுதான். களம் வேண்டாம் என்பதற்கு இது காரணமாகாது.

கேமை மூண்டு பேர் சேர்ந்து செய்யிற சின்னக் கம்பனி எண்டால்?

அவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஸ்டீமில் விற்றால் ஒவ்வொரு கேமுக்கும் கலந்துரையாடல் பகுதி தானாகவே கிடைக்கும். தெரிந்த பிழைகளின் பட்டியலை அங்கே மேலே ஒட்டி, வாரம் ஒரு முறை பதில் எழுதினால் போதும்.

களத்தில எழுதிறவை நூற்றில ஒராள். அவையின்ர சொல்லுக்காக மற்ற எல்லாருக்கும் கேமை மாத்திறது நியாயமோ?

இது தம்பலகாமத்து அண்ணன் ஒருவர் கேட்டது, நெடுநேரம் யோசிக்க வைத்தது. பழகிக் கைதேர்ந்தவர்கள்தான் கூடுதலாக எழுதுவார்கள். அவர்கள் கேட்டபடியே மாற்றினால் புதிதாக வருகிறவனுக்குக் கேம் ஏறாது. அப்படிக் கெட்ட கேம்கள் இருக்கின்றன.

ஆனால் எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் விட்டுப் போகிறார்கள் என்ற கணக்குக் கம்பனியிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏன் போகிறார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒரு கட்டத்தில் நிறையப் பேர் நின்றுவிட்டால் அது கடினமா, சலிப்பா, அல்லது நம் ஊர் மாதிரி இணைப்பு மெதுவான இடங்களில் அந்தக் கட்டம் திறக்கவே இல்லையா? ஒருவர் எழுதினால்தான் தெரியும். முடிவைக் கம்பனி எடுக்கட்டும். எடுத்தபின் எதற்காக என்று அதே இடத்தில் எழுதட்டும். எழுபது வீத வாக்கெடுப்பு வைக்கிற கேமிலும்கூட எதை வாக்குக்கு விடுவது என்பதைக் கம்பனிதான் தீர்மானிக்கிறது.

நாங்கள் ஒரு சதமும் கட்டாமல் விளையாடுறம். எங்களுக்கென்ன கேட்க உரிமை?

காசு கட்டுகிறவன் யாரோடு விளையாடுகிறான்? நூறு பேர் இறங்குகிற ஆட்டத்தில் நூறு பேரும் வேண்டும். நீ அங்கே நிற்பதால்தான் இன்னொருவன் வாங்கிய உடுப்பைக் காட்ட ஆளிருக்கிறது. உன் நேரத்தையும் டேட்டாவையும் கொடுக்கிறாய். கேட்கலாம்.

சரி அண்ணா, எங்கட கேமுக்கு நாளைக்கு ஒரு களம் திறந்தால் முதல் என்ன எழுதிறது?

முதலில் தேடு. உன் பிரச்சினை ஏற்கெனவே அங்கே இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதற்குக் கீழே எழுது. ஒரே இடத்தில் ஐம்பது பேர் நின்றால்தான் கண்ணில் படும். தேதி, நேரம், இலங்கை நேரம் என்ற குறிப்பு, போன் மாதிரி, கேம் பதிப்பு, எதை அழுத்தினாய், என்ன நடந்தது. படம் இருந்தால் படம். ரசீது இலக்கத்தை மறைத்துப் போடு. கோபத்தைக் கடைசி வரியில் வை, முதல் வரியில் வேண்டாம்.

சாம்பல்தீவுத் தம்பி இதே ஒழுங்கில் தன் விசயத்தை ஒரு கொப்பித்தாளில் எழுதி மடித்து, போன் கவருக்குள் வைத்திருக்கிறான். போட இன்னும் இடம் கிடைக்கவில்லை.